உஷார்! வாசற்படி தாண்டி வரும் ‘மருந்து’

இன்று இரவு படுக்கும் முன் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போங்கள். சிங்கின் அடியில் குனிந்து பாருங்கள். குளியலறை மூலை, மாடிப்படியின் கீழ், கோழிக்கூண்டின் பக்கம், எல்லாவற்றையும் பாருங்கள். மினரல் தண்ணீர் போத்தலிலோ, பழைய ஆரஞ்சு பானப் போத்தலிலோ, காலி பால்மாவு டின்னிலோ ஏதாவது ஊற்றி வைத்திருக்கிறதா? “அது கொஞ்சூண்டு புல்லு மருந்து, வீட்டுக்குப் பின்னால அடிக்க வெச்சிருக்கேன்” என்று யாராவது சொன்னால், இதைப் படிப்பதை அப்படியே நிறுத்துங்கள். முதலில் அதை வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு வாருங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம்.

கேமரன் மலையில் வாழும் நம் குடும்பங்களுக்காகத்தான் இவ்வளவு பதறுகிறேன். ஹாபு, சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி என்று தேயிலை படர்ந்த சரிவுகள். அவற்றுக்கு இடையிலும் கீழேயும் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை காய்கறித் தோட்டங்கள், பிளாஸ்டிக் கூரை போட்ட பூந்தோட்டங்கள். 1929இல் ரஸ்ஸல் துரை ‘போ’ தோட்டத்தைத் தொடங்கிய காலம் தொட்டு இந்த மலையில் நம் ஆட்களின் வேர்வை விழுந்துகொண்டிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் இங்கே வந்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்துவிட்டு, “காற்று எவ்வளவு சுத்தம்!” என்கிறார்கள். வெளிக்காற்று சுத்தமாக இருக்கலாம். என் பயமெல்லாம் லயத்து வீட்டுக்குள்ளே அடைபட்டுக் கிடக்கும் காற்றையும், தரையில் படிந்திருக்கும் தூசியையும் பற்றித்தான்.

முதல் ஆபத்து நம் வாயிலேயே இருக்கிறது. மலாய்க்காரர்கள் இதை ‘ராச்சுன்’ என்கிறார்கள். நஞ்சு என்று பொருள். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலேயே ‘ராச்சுன்’ இருக்கிறது. நாம் மட்டும் ‘மருந்து’ என்கிறோம். பூச்சி மருந்து, புல்லு மருந்து, எலி மருந்து. “அப்பா மருந்து அடிக்கப் போயிருக்கார்” என்று கேட்டு வளர்கிற பிள்ளைக்கு வேறு என்ன மருந்து தெரியும்? காய்ச்சலுக்கு அம்மா கரண்டியில் கொடுப்பதும் மருந்து, சிங்கின் அடியில் போத்தலில் இருப்பதும் மருந்து. இரண்டு வயதுப் பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? இந்தச் சொல்லை இன்றிலிருந்தே வீட்டில் மாற்றுங்கள். ‘விஷம்’ என்று சொல்லுங்கள். “அப்பா விஷம் அடிக்கப் போயிருக்கார்” என்று சொல்ல நாக்கு கூசும். கூசட்டும். அந்தக் கூச்சம் வந்தால்தான் வேலைச் சட்டை வாசலுக்கு வெளியே நிற்கும்.

விஷம் வீட்டுக்குள் எப்படி வருகிறது? தானாக வருவதில்லை. நாம்தான் சுமந்து வருகிறோம். முதுகில் பம்பு மாட்டி அடிக்கும்போது காற்று திரும்பினால் சாரல் நம்மேல்தான் விழும். பம்பின் மூடி கசிந்தால் முதுகு நனையும். அடித்துவிட்டுப் போன பாத்தியில் களையெடுத்தாலும், தழை உரசி கால்சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அதே சட்டை, அதே சப்பாத்து, அதே தொப்பியோடு வீட்டுக்கு வருகிறோம். சின்னது ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. சட்டையைக் கழற்றிக் குளியலறை வாளியில் போடுகிறோம். அதில் ஏற்கெனவே குழந்தையின் துணி ஊறிக்கொண்டிருக்கிறது. துவைக்கும் தாய்க்குக் கையுறை கிடையாது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள்கூட வெறும் கையால் அந்தச் சட்டையைக் கசக்குகிறாள்.

வயலில் விழுந்த விஷத்தை வெயில் சிதைக்கும், மழை கழுவும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்னும். வீட்டுக்குள் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பாயின் அடியிலும், கம்பளத்திலும், நாற்காலித் துணியிலும் புகுந்த விஷம் வெளியில் இருப்பதைவிட நெடுநாள் அப்படியே கிடக்கும். தரையில் தவழ்வது யார்? கையை வாயில் வைப்பது யார்? உடம்பின் எடைக்கு ஏற்பப் பார்த்தால், பெரியவரைவிட அதிகம் மூச்சிழுப்பதும் அதிகம் உண்பதும் குழந்தைதான். பத்துக் கிலோ உடம்புக்குள் போகும் ஒரு துளி, எழுபது கிலோ உடம்புக்குள் போகும் ஒரு துளியைப் போன்றது அல்ல.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கு என்று காய்கறி விளையும் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வேலை செய்யும் மெக்சிகோக் குடும்பங்களின் கர்ப்பிணிகளை பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 1999 முதல் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லியின் தடயம் மிக அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட ஏழு வயதில் அறிவுத்திறன் அளவு சராசரி 7 புள்ளி குறைந்திருந்தது. 2011இல் வெளிவந்த முடிவு இது. அந்தத் தாய்மார்கள் யாரும் விஷம் குடித்தவர்கள் அல்லர், மயங்கி விழுந்தவர்களும் அல்லர். தோட்ட ஊரில் அன்றாட வாழ்க்கை வாழ்ந்தவர்கள். ‘பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறல’ என்று நம் பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இந்த 7 புள்ளி நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைகிறது.

இதே ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்த குளோர்பைரிபாஸை விவசாயத்தில் பயன்படுத்த மலேசியா 2023இல் தடை செய்துவிட்டது. களைக்கொல்லியான பாராகுவாட் கதை இன்னும் நீளம். தோட்டங்களில் அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கருத்து உதிர்வது, மூக்கில் ரத்தம் வடிவது, கண் எரிவது, தோல் புண்ணாவது, எல்லாவற்றையும் ‘வேலை அப்படித்தான்’ என்று சுமந்தார்கள். ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்போடு சேர்ந்து இந்தப் பெண்களின் நிலையை 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு தடையை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத்தடை. பதினேழு ஆண்டு இழுத்தடிப்பு! அத்தனை ஆண்டும் அந்தச் சட்டைகள் எத்தனை வீட்டு வாளிகளில் ஊறின என்று நினைத்துப் பாருங்கள்.

தடை வந்துவிட்டதே என்று நிம்மதி அடையாதீர்கள். தடை செய்தது கடையில் இருக்காது. பழைய ஸ்டோர் ரூமில் இருக்கலாம். பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. ஒரு வாய் போதும். நுரையீரலை நாள் கணக்கில் இறுக்கி, நினைவு தெளிவாக இருக்கும்போதே ஆளைக் கொல்லும். தவறிக் குடிக்கக் கூடாதென்றுதான் அதில் நீலச் சாயமும் நாற்றமும் வாந்தி வரவழைக்கும் பொருளும் சேர்த்தார்கள். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால் அந்த நீலம் பிள்ளையின் கண்ணுக்கு இனிப்புத் தண்ணீராகத்தான் தெரியும். வீட்டில் பழைய போத்தல் இருந்தால் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். அது ஆற்றுக்குப் போகும், ஆற்றிலிருந்து யாரோ ஒருவரின் குழாய்க்குப் போகும். விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

போத்தலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி விற்கும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிக்கும் ‘எல்ஆர்எம்பி’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லையா, உங்களுக்குப் புரியாத எழுத்து மட்டும் அச்சிட்டிருக்கிறதா, கையால் தொடாதீர்கள். லேபலின் அடியில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். கறுப்பு கடும் விஷம், சிவப்பு அதற்கு அடுத்தது, பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை. வெள்ளை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. காலியான டின்னை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றிவிட்டு, ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுங்கள். அந்த டின்னில் தண்ணீர் பிடிக்கவே கூடாது. நல்ல கெட்டி டின்னாச்சே என்று ஊறுகாய் போடுவதற்கும், அரிசி கொட்டி வைப்பதற்கும் மனசு வரும். வேண்டாம். பிளாஸ்டிக் டின் விஷத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும்.

வாசற்படிதான் எல்லை. சப்பாத்து அதைத் தாண்டக் கூடாது. வேலைச் சட்டையை வெளியிலேயே கழற்றித் தனிப் பையில் போடுங்கள். முடிந்தால் தோட்டத்திலேயே குளித்து, மாற்றுத் துணி போட்டுக்கொண்டு வாருங்கள். குளிக்கவும் துணி மாற்றவும் இடம் கேட்பது சலுகை கேட்பது அல்ல. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும் 2000ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைகளும் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கி இருக்கின்றன. 2024 ஜூன் முதல் அந்தச் சட்டத்தின் கை இன்னும் நீண்டு, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தொட்டிருக்கிறது. மண்டோரிடம் கேளுங்கள், கிராணியிடம் கேளுங்கள், நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். வீட்டுக்கு வந்த சட்டையை வேறு எந்தத் துணியோடும் சேர்க்காமல், கையுறை போட்டு, சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு முறை துவையுங்கள். துவைத்த வாளிக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். கர்ப்பிணியும், பால் கொடுக்கும் தாயும் அதைத் தொடவே வேண்டாம். வேலைக்குப் போனவரே துவைக்கட்டும். பிள்ளை ஓடிவந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, “இரும்மா, அப்பா குளிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லுங்கள். அடுத்த லயத்தில் இருக்கும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தோழர்களுக்கும் சொல்லுங்கள். ‘ராச்சுன்’ என்ற ஒரு சொல்லும், சட்டையைக் காட்டும் கையும் போதும்.

வயலுக்கே போகாத வீட்டுக்கும் விஷம் வரும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடும்பம், எலித் தொல்லைக்காக ஆள் வைத்து எலி மருந்து போட்டது. இரவு ஏசி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள். விடியும்போது எல்லோருக்கும் வாந்தி. ஆறு வயதுப் பிள்ளையும் ஒரு வயதுப் பிள்ளையும் இறந்துபோயின. யாரும் அதை எடுத்துத் தின்னவில்லை. மூடிய அறைக்குள் காற்றே விஷமானது. படித்த குடும்பம், பணம் கொடுத்து வரவழைத்த ஆட்கள். அதனால்தான் சொல்கிறேன், படிப்பறிவு இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். தானியக் கிடங்கில் போடும் பாஸ்பைட் மாத்திரையை யாராவது “எலிக்கு இதுதான் சரி” என்று கொடுத்தால், உங்கள் வீட்டு வாசலிலேயே மறித்துவிடுங்கள். ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு அது. தரையோரமாகப் படரும், இடுக்கு வழியே அடுத்த அறைக்கும் போகும். கேமரன் மலையிலோ காற்றிலேயே எப்போதும் ஈரம். எலிக்குப் பொறி வையுங்கள், ஓட்டையை அடையுங்கள், அரிசியை மூடி போட்ட டின்னில் வையுங்கள்.

நம் மலையில் இன்னொரு எமனும் இருக்கிறான். வாடை கிடையாது, நிறம் கிடையாது. சுமார் 1,100 மீட்டரிலிருந்து 1,600 மீட்டர் உயரம் வரை குடியிருக்கிறோம். ராத்திரி குளிர் 15 பாகைக்கு இறங்கும்போது, ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியை அடைத்து, சட்டியில் அடுப்புக்கரித் தணலைப் போட்டுக் கட்டிலருகே வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. புகை இல்லையே என்று நம்புகிறார்கள். புகை இல்லாத தணல்தான் அதிக ஆபத்து. சரியாக எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க உடம்பில் பலம் இருக்காது. 2024 ஆகஸ்டில் திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்குப் போன நண்பர்களில் இரண்டு பேர் இப்படித்தான் இறந்தார்கள். கறி சுட்ட அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். கொடைக்கானல் குளிரில் நடந்தது தானா ராத்தா குளிரிலும் நடக்கலாம். மழை வந்துவிட்டது என்று பார்பெக்யூ அடுப்பை வரவேற்பறைக்குள் இழுத்து வைக்கிறவர்கள் பிரிஞ்சாங் விடுதிகளிலும் இருக்கலாம். வெளியூர் உறவுக்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கினால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

குளிக்க வெந்நீர் போடும் கேஸ் ஹீட்டரும் இதே வகைதான். அது குளியலறைக்குள் இருக்கவே கூடாது. வெளிச்சுவரில் இருக்க வேண்டும், புகைபோக்கி திறந்த வெளியில் முடிய வேண்டும், சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது, உள்ளே வந்தால் திரும்ப வருகிறது என்றால் அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுக்காதீர்கள். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது நம் நம்பிக்கையைத் தொடும் விஷயம் என்று தெரிந்தே சொல்கிறேன். மலேசிய, அமெரிக்க ஆய்வாளர்கள் மலேசியாவிலும் சீனாவிலும் விற்ற கொசுவத்திச் சுருளைக் கொளுத்திப் பார்த்து 2003இல் எழுதினார்கள்: ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் வரை கொளுத்தினால் வரும் அளவு. மூடிய அறையில் தொட்டிலின் கீழே அந்தச் சுருள்! குளித்த குழந்தையின் தலைமுடிக்குச் சாம்பிராணி காட்டுவதும் அதே நெஞ்சுக்குள்தான் போகிறது. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பூஜைக்குச் சாம்பிராணி போடுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். பச்சைக் குழந்தையின் தலையை மட்டும் துண்டால் துடைத்து விடுங்கள், போதும். சமையல் புகையும் இதே கதைதான்: வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விறகடுப்பு இன்னும் எரிகிற லயத்து வீடுகளில், அடுப்புக்கு மேலே ஒரு திறப்பாவது வேண்டும்.

ஈரச் சுவரில் படியும் கறுப்புப் பூஞ்சையும் ஆஸ்துமாப் பிள்ளைக்கு எதிரிதான். மழைக்காலத்தில் துணியை வீட்டுக்குள் காயப்போடுவதைக் குறைத்து, பகலில் இரண்டு மணி நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் பம்பு சத்தம் கேட்டால் மட்டும் உடனே சாத்திவிட்டு, கொடியில் காயும் துணியையும் உள்ளே எடுங்கள்.

கடைசியாக, எழுதத் தயங்கியதையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் விஷம் இருந்தால், சண்டை போட்ட ஒரு ராத்திரியில் அது கைக்கு எட்டிவிடும். இலங்கையில் 2008க்கும் 2011க்கும் இடையே பாராகுவாட் உட்பட மூன்று பூச்சிக்கொல்லிகளை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். விஷத்தால் நேரும் சாவு அதன்பின் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. கைக்கு எட்டாமல் இருந்ததே எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. மனசு உடைந்திருக்கும் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே அந்தப் போத்தலை அகற்றுங்கள். அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929.

ஒருவர் விஷத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், முட்டை, புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். உடம்பில் கொட்டியிருந்தால் நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு அவருடைய துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். எச்சில் ஊறுவது, கண்ணீர், வேர்வை, கண்மணி சுருங்குவது, தசை துடிப்பது தெரிந்தால் ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள். பாராகுவாட் குடித்தவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டுகூட இருப்பார். அதை நம்பி வீட்டில் வைத்திருக்காதீர்கள். 999ஐ அழையுங்கள், அல்லது தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷம் இருந்த போத்தலை லேபலோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கூடவே எடுத்துப் போங்கள்; என்ன விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டரால் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் இலவச எண் 1-800-88-8099. அதைப் பெரிய எழுத்தில் எழுதி, குசினிக் கதவின் உள்பக்கம் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.